முடிந்ததா என்று சொல்லாத இறந்தகாலம்

"ஷீ வாஸ் கிராசிங் த ரோடு." அவள் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாளா? வாக்கியம் சொல்லவில்லை. பாதியில் திரும்பியிருக்கலாம், லாரி ஏதும் குறுக்கே வந்திருக்கலாம். "ஷீ கிராஸ்டு" என்றால் சந்தேகமே இல்லை, கடந்துவிட்டாள்.

பள்ளியில் பாஸ்ட் கன்டினியுவஸ் என்று படிக்கிறோமே, அதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. அமைப்பு எளிது: 'வாஸ்' அல்லது 'வேர்', அதையடுத்து 'இங்' சேர்ந்த வினை. ஆனால் "வெகுநேரம் நடந்த செயலுக்கு இதைப் போடு" என்று சொல்லித் தரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் நாற்பது ஆண்டு உழைத்ததைச் சொல்ல 'வொர்க்டு' போதும். கதவைத் திறக்கும் இரண்டு நொடிக்கோ 'வாஸ் ஓப்பனிங்' கச்சிதமாகப் பொருந்தும், அந்த நேரம் பார்த்து போன் அடித்திருந்தால். செயல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கணக்கே இல்லை. தொடக்கமும் முடிவும் கண்ணில் படாமல், செயலுக்குள்ளே நின்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இதில் வினைக்கு வினை வேறுபாடு உண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தினாலும், வண்டியைத் தள்ளினான் என்பது உண்மை. வீடு கட்டிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தினால், வீடு கட்டினான் என்று சொல்ல முடியாது. ஜீனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் 1957இல் வினைகளை நான்காக வகுத்தபோது இவ்விரண்டையும் தனித்தனி வகையில் வைத்தார். நிலையைக் குறிக்கும் வினைகள் இன்னொரு வகை. அறிந்திருப்பதைச் சொல்லும் 'நோ' அதைச் சேர்ந்தது. இவ்வகை வினைகள் பொதுவாக 'இங்' வடிவத்தை ஏற்பதில்லை. அதனால்தான் 'ஐ வாஸ் நோயிங் ஹிம்' என்று இந்தியாவில் நாம் சொல்வது ஆங்கிலேயர் காதுக்கு ஒட்டுவதில்லை. 'ஐ நியூ ஹிம்' என்றால் சரி.

ஆங்கிலத்திலும் இவ்வடிவங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 'த ஹவுஸ் வாஸ் பீயிங் பில்ட்' போன்ற செயப்பாட்டு வாக்கியம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. அதற்குமுன் 'த ஹவுஸ் வாஸ் பில்டிங்' என்றே எழுதினார்கள். புதிய வடிவத்தை அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கிராண்ட் வொயிட் 1870இல் கடுமையாகச் சாடினார். வழக்கு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

தமிழில் 'கொண்டிருந்தேன்' ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதால் நமக்குப் பாதிச் சுமை குறைகிறது. ஓர் இடத்தில் மட்டும் அது நம்மை ஏமாற்றும். "சின்ன வயதில் தினமும் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்" என்பது பழைய வழக்கத்தைச் சொல்கிறது. அதையே 'ஐ வாஸ் கோயிங்' என்று ஆரம்பித்தால், போகும் வழியில் என்ன நடந்தது என்று கேட்பவர் காத்திருப்பார். அங்கே வேண்டியது 'யூஸ்டு டு கோ'.