உள்ளங்கையும் இரும்பும்

தேகப்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆனதும், புதிதாக வந்தவர் எவருக்கும் தவறாமல் ஒரு சந்தேகம் எழுகிறது. உள்ளங்கையில், விரல்கள் புறப்படும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முதலில் ஓர் எரிச்சல், மறுநாள் சிவப்பு, அதற்கும் மறுநாள் மோதிர விரலின் அடியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு நீர்க்கொப்புளம். இராத்திரி சோற்றைப் பிசையும்போது ரசத்தின் புளியும் மிளகும் அந்த இடத்தில் பட்டுச் சுரீர் என்கிறபோதுதான், "மாஸ்டர், கிளவ்ஸ் வாங்கிவிடட்டுமா?" என்ற கேள்வி பிறக்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது, இனி நடை மாத்திரம் போதாது, தசைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதன் பேரில், நாற்பத்தாறாவது வயதில் பளு தூக்கப் பழகத் தொடங்கிய எனக்கும் அதே கொப்புளம் வந்தது. நானும் அதே கேள்வியைக் கேட்டேன். "கிளவ்ஸ் அப்புறம் பார்க்கலாம் சார், முதல்ல பாரை எப்படிப் பிடிக்கிறீங்கன்னு காட்டுங்க" என்றார் மாஸ்டர். அவர் அன்று காட்டிக்கொடுத்ததைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், கொப்புளம் ஏன் வருகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

தோல் தனக்குத் தானே செய்துகொள்ளும் கவசம்

நம் சரீரத்தில் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் அமைந்த தோல் மற்ற இடத்துத் தோலைப் போன்றதன்று. அங்கே ரோமம் கிடையாது; மேல்தோல் மற்ற அவயவங்களில் இருப்பதைக் காட்டிலும் பல மடங்கு தடித்தது; அடியில் உள்ள இழைகளோடு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால் எளிதில் நழுவுவதில்லை. பழக்கமில்லாத கையில் திடீரென்று உராய்வு மிகுந்தால், மேல்தோலின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நிணநீர் சேர்கிறது, இதுவே கொப்புளம். அதே உராய்வு கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் நிகழுமானால், தோல் கெரட்டின் என்னும் புரதத்தை அதிகமாக உற்பத்தி செய்து அவ்விடத்தைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. அதைத்தான் கை காய்த்துவிட்டது என்கிறோம். மண்வெட்டி பிடிக்கிறவருக்கும் துடுப்புப் போடுகிறவருக்கும் உள்ளங்கையிலும், வீணை வாசிப்பவருக்கு இடது கை விரல் நுனிகளிலும் அது உண்டாகிறது. அவரவர் தொழில் எங்கே உராய்கிறதோ அங்கேதான் காய்ப்பும் ஏறுகிறது. ஆகையால் மெல்லிய, சமனான காய்ப்பு ஒரு வியாதியல்ல, சரீரம் நமக்குச் செய்யும் ஒத்தாசை. அது ஒரு மேடாக உயர்ந்து, ஓரம் கம்பியில் சிக்கி, சதையோடு பிய்ந்து வரும் நிலையே தொல்லை.

கம்பி எங்கே அமர வேண்டும்

மாஸ்டர் பளுவொன்றும் மாட்டாத வெறுங்கம்பியை, அதாவது 20 கிலோ எடையுள்ள பாரை, தரையிலிருந்து தூக்கச் சொன்னார். நான் வழக்கம்போல் உள்ளங்கையின் நடுவிலே வைத்து இறுகப் பற்றித் தூக்கினேன். "இப்போ கையைப் பாருங்க" என்றார். உள்ளங்கையில் வைத்த கம்பி அங்கேயே நிற்கவில்லை. பாரம் அதைக் கீழே இழுக்க, அது விரல்களின் பக்கமாகச் சரிந்து, போகிற வழியில் இருந்த தோலையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்து, மோதிர விரலின் அடியில் ஒரு மடிப்பாகக் குவித்து, அந்த மடிப்பைக் கிள்ளியபடி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கொப்புளம் வந்திருந்த இடம் அதே இடந்தான். பிறகு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் ரேகையிலேயே கம்பியை முதலில் பொருத்தி, விரல்களைச் சுற்றி மூடி, கட்டை விரலை மேலே பூட்டச் சொன்னார். கம்பி நின்ற இடத்தில் நின்றது, தோல் மடியவில்லை.

பளுவை இழுக்கும் அப்பியாசங்களுக்கெல்லாம், டெட்லிப்ட் ஆகட்டும், புல்-அப் ஆகட்டும், இதுவே விதி. தள்ளும் அப்பியாசங்களுக்கு விதி வேறு: பெஞ்ச் பிரஸ் செய்யும்போது கம்பி விரல்களில் அமர்ந்தால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து நோகும், ஆதலால் அங்கே உள்ளங்கையின் அடிமேட்டில், முன்கை எலும்புகளுக்கு நேர் மேலாக, கம்பி அமர வேண்டும். கட்டை விரலைச் சுற்றாமல் நான்கு விரல்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தைச் சில வாலிபர்களிடம் பார்க்கிறேன். மார்புக்கு மேல் தொங்குகிற பளு வியர்த்த கையிலிருந்து வழுக்கினால் விழுவது மார்பிலும் கழுத்திலும் என்பதை நினைத்து, அந்தப் பழக்கத்தை அவர்கள் இன்றே கைவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கையுறையால் வரவும் செலவும்

கையுறை உராய்வைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. வழுக்கலான கம்பிக்கும் வியர்த்த கைக்கும் நடுவே ஒரு பிடிப்பைத் தருகிறது. குளிர்ந்த இரும்பின் சொரசொரப்பு உறுத்தாமல் காக்கிறது. பயந்து பயந்து பயிற்சிக்கு வரும் ஒருவருக்கு அது மனத்தைரியம் தருமானால், அந்த ஒரு பிரயோஜனத்துக்காகவே அதை நான் ஆதரிப்பேன்.

ஆனால் செலவும் உண்டு. ஒலிம்பிக் ஆடவர் போட்டிக்குரிய கம்பியின் குறுக்களவு 28 மில்லிமீட்டர். பெண்களுக்குரியது 25 மில்லிமீட்டர். கை சிறிதானால் கம்பியும் மெலிய வேண்டும் என்று, வெறும் 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்தி, அத்தனை நுட்பமாக அளவு வகுத்திருக்கிறார்கள். 3 மில்லிமீட்டர் திண்டு வைத்த கையுறையை நாம் போட்டுக்கொண்டால், இரு பக்கமும் சேர்த்து அந்த 28 மில்லிமீட்டர் கம்பி கைக்கு 34 மில்லிமீட்டராகிவிடுகிறது. தடித்த கம்பியைப் பற்ற விரல்கள் அதிகமாக உழைக்க வேண்டும். முதுகும் தொடையும் களைக்கும் முன்பே கை களைத்துவிடும். அன்றியும், கம்பி எங்கே அமர்ந்திருக்கிறது, சரிகிறதா, சுழல்கிறதா என்று ஸ்பரிசத்தால் அறியும் சக்தி திண்டுக்கு அடியில் மங்கிப்போகிறது. அளவில் பெரிய கையுறையோ, தானே மடிந்து, தோலைக் கிள்ளி, எதைத் தடுக்க வாங்கினோமோ அதையே உண்டாக்கிவிடுகிறது.

கைப்பிடியின் வலிமையை அற்பமாக எண்ணலாகாது. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரை ஆராய்ந்து 2015இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், கைப்பிடி வலிமை 5 கிலோ குறையும்தோறும் மரண அபாயம் 16 சதவீதம் கூடியிருக்கக் கண்டார்கள். கைப்பிடி தேகத்தின் பொதுவான பலத்தைக் காட்டும் ஓர் அடையாளம் என்றே இதைக் கொள்ள வேண்டும். பிடியை மட்டும் வளர்த்தால் ஆயுள் நீளும் என்று இதற்கு அர்த்தமில்லை.

யாருக்கு அவசியம்

நீரிழிவு பல வருஷமாக இருந்து, கைகால்களில் உணர்ச்சி மரத்துவரும் ஒருவர், கொப்புளம் உடைந்து இரத்தம் கசிந்த பிறகே அதைப் பார்க்க நேரலாம். அவருக்குப் புண் ஆறவும் நாளாகும். அத்தகையவர் தயங்காமல் கையுறை அணியட்டும். பயிற்சி முடிந்ததும் உள்ளங்கையை வெளிச்சத்தில் ஒரு முறை பார்க்கட்டும். கரப்பான் போன்ற சரும நோய் உள்ளவர்கள், நிக்கல் முதலிய உலோகம் பட்டால் தடிக்கும் உடம்புக்காரர்கள், மூட்டு வாதத்தால் விரல் நோகிறவர்கள், மேஜை வேலையிலேயே காலம் கழித்து அறுபது வயதில் முதன்முதலாக இரும்பைத் தொடுகிறவர்கள், தொழிலுக்கு விரலின் மென்மை வேண்டியிருக்கும் கலைஞர்கள் ஆகியோருக்கும் அது தகுந்த சாதனமே. இவர்களைப் பார்த்து, கை காய்க்காதவன் ஆண்பிள்ளையா என்று கேட்பது அறியாமை. பெண்களும் இப்போது ஏராளமாக வருகிறார்கள். கை முரடாகிவிடும் என்ற கவலையால் பயிற்சியையே ஒருவர் விட்டுவிடுவதைவிட, கையுறையோடு தொடர்ந்து செய்வது நூறு மடங்கு மேல்.

மற்றவர்களுக்கு என் யோசனை இது: முதல் ஓரிரு மாதம் இலேசான பளுவோடு வெறுங்கையால் பிடியைப் பழகுங்கள், பிறகும் வேண்டுமானால், மெல்லிய தோலால் ஆன, விரல் நுனி திறந்த, கையோடு ஒட்டிய கையுறை ஒன்றை வாங்குங்கள்.

வியர்வைக்கு வேறு வழி

தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள். உருண்டையான, வழவழப்பான அந்தக் கல்லைத் தூக்க வெறுங்கையே சாதனம். கோதாவில் இறங்கும் மல்லர்கள் வியர்வைக்காக மண்ணை அள்ளித் தேய்த்துக்கொள்வார்கள். மண் செய்த அந்த வேலையைத்தான் கூடங்களில் சாக் என்று சொல்லப்படும் வெண்பொடி செய்கிறது. அது பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியன்று, மக்னீசியம் கார்பனேட். வேலூரிலிருந்து சென்று 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் ஈடுபட்ட பளுதூக்கும் விளையாட்டில், மேடையேறுவோர் பொதுவாக நம்புவது இந்தப் பொடியைத்தான். கூடத்தில் இதை அனுமதிக்காவிட்டால், ஒரு சிறு பருத்தித் துண்டு போதும். ஒவ்வொரு முறையும் கையையும் கம்பியையும் துடைத்துக்கொள்ளலாம்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். கல்யாண மோதிரம் ஆயிற்றே என்று தயங்கி, அதன்மேலேயே கையுறையை மாட்டிக்கொள்வோரைக் கண்டிருக்கிறேன். மோதிரம் சிக்கிக்கொண்டு பாரம் இழுத்தால் விரலின் தோலே உரிந்து வருமளவுக்கு விபரீதம் நேரக்கூடும்.

பேணும் முறை

நாள்தோறும் வியர்வையில் ஊறி, பையில் மூடிக் கிடந்து, மறுநாளும் ஈரத்தோடு கைக்கு ஏறும் கையுறை, கிருமிகளுக்கும் பூஞ்சைக்கும் வீடாகிவிடுகிறது. துணியால் ஆனதை வாரத்துக்கு ஒரு முறையாவது சோப்புப் போட்டு அலசி, முழுவதும் உலர்த்த வேண்டும். தோலால் ஆனதை ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விட வேண்டும். இரவல் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. மரு முதலியன அவ்வழியே தொற்றலாம்.

காய்ப்பு மேடாகத் தோன்றினால், குளித்து முடித்துத் தோல் ஊறியிருக்கும்போது, குதிகால் தேய்க்கும் கல்லால் இலேசாகத் தேய்த்துச் சமன்படுத்தி, படுக்கப் போகும் முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். பிளேடால் சீவுவது மிகவும் அபாயகரமானது; நீரிழிவு உள்ளவர்களோ கல்லால் தேய்ப்பதற்கும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உடையாத கொப்புளத்தைக் குத்தாமல் மூடி வையுங்கள்; அதன் மேல்தோலைவிடச் சிறந்த கட்டு வேறில்லை. பிய்ந்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிச் சுத்தமான கட்டுப் போட்டு, புண் ஆறும்வரை கால்களுக்கான பயிற்சிகளைச் செய்யுங்கள். புண்ணில் அழுக்கோ துருவோ பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்து, வைத்தியரிடம் சொல்லுங்கள். சீழ் கோத்து, காய்ச்சல் கண்டு, சிவந்த கோடொன்று மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஏறுமானால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டிவிடுங்கள்.