நாவைத் தாங்கும் தனி எலும்பு

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன என்று பாடநூலில் படித்திருக்கின்றோம். அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பொருந்தி மூட்டுகளாக அமைந்துள்ளன. ஆனால், வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராமல், கழுத்தின் முன்புறத்தில் தனித்து நிற்கும் எலும்பு ஒன்றும் உண்டு. அதுவே நாவடி எலும்பு. மருத்துவ நூலார் அதனை ‘ஹையாய்டு’ என்பர். நாம் உண்பதற்கும் பேசுவதற்கும் அது பெருந்துணை புரிகின்றது.

எலும்பின் அமைப்பு

‘ப’ என்னும் எழுத்தின் மூலைகளை மழுக்கி வளைத்தாற்போன்ற வடிவம் உடையது இவ்வெலும்பு. அதன் திறந்த பக்கம் பின்னோக்கி இருக்கும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நடுவில் உடற்பகுதியும், இரு பக்கங்களிலும் பெருங்கொம்புகள் இரண்டும், அவற்றின் அடியில் சிறுகொம்புகள் இரண்டும் உள்ளன. குழந்தைப் பருவத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே இருந்து, பின்னர்ச் சிறிது சிறிதாக இறுகுகின்றது.

தனித்து நிற்கும் எலும்பு கீழே விழாதிருப்பது எப்படி? கிள்ளான் துறைமுகத்தில் கப்பலை முன்னும் பின்னும் வடங்களால் கட்டி நிறுத்துவதைப் பலர் கண்டிருப்பர். அவ்வாறே தாடையிலிருந்தும் மண்டையோட்டின் அடியிலிருந்தும் வரும் தசைகளும் நார்களும் இவ்வெலும்பை மேலிருந்து பிடித்திருக்கின்றன. நெஞ்செலும்பு, தோள்பட்டை எலும்பு, குரல்வளை ஆகியவற்றிலிருந்து வரும் தசைகள் கீழிருந்து பிடித்திருக்கின்றன. கட்டப்பட்ட கப்பல் நீரோடு ஏறி இறங்குவது போல இதுவும் அசையும்.

விழுங்கும் வேளையில்

மாணவர்களே! மோவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் இடையே விரலை மெல்ல வைத்து, எச்சிலை விழுங்கிப் பாருங்கள். உள்ளே ஏதோ ஒன்று மேலெழுந்து மீண்டும் கீழிறங்குவதை உணர்வீர்கள். அழுத்திப் பார்த்தல் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் நெடுங்காலம் இரயில் பாதைகளும் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதியாக விளங்கியது. பழைய இரயில் முற்றம் இருந்த இடத்தில்தான் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. தண்டவாளம் இரண்டாகப் பிரியுமிடத்தில் பாதையைச் சரியாக மாற்றாவிட்டால் விபத்து நேரும் அன்றோ? நம் தொண்டையும் அத்தகைய இடமே. அங்கிருந்து மூச்சுக்குழல் ஒரு வழியாகவும் உணவுக்குழல் மற்றொரு வழியாகவும் பிரிகின்றன.

உணவை விழுங்கும்போது நாவடி எலும்பு மேலும் முன்னுமாக நகர்கின்றது. அதனோடு பிணைந்த குரல்வளையும் உயர்கின்றது. குரல்வளை மூடி சாய்ந்து மூச்சுவழியைக் காக்கின்றது. உணவுக்குழலின் வாய் திறக்கின்றது. அந்நேரம் மூச்சும் நின்றுவிடுகின்றது. இவை யாவும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிகின்றன. அந்த நொடியில் பேசினாலோ சிரித்தாலோ ஒழுங்கு குலைந்து புரையேறுகின்றது.

பேச்சுக்கு அடித்தளம்

எழுத்துகள் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினைக் கூறுகின்றது. அவற்றுள் நாவுக்கும் மிடற்றுக்கும் இடையே பாலமாய் அமைந்தது இவ்வெலும்பு. நாவின் அடிப்பகுதி இதனைப் பற்றியிருக்கின்றது. குரல்வளை இதிலிருந்து தொங்குகின்றது. நாம் ‘தமிழ்’ என்று கூறி, ழகரத்திற்காக நாநுனியை மேல்நோக்கி வளைக்கையில் நாவைத் தாங்கி நிற்பதும் இதுவே.

இஸ்ரேல் நாட்டின் கெபாரா குகையில் 1983இல் கண்டெடுக்கப்பட்ட நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூட்டில் இவ்வெலும்பும் இருந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் பழமையான அது நம்முடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. ஆகவே, அம்மனிதர்கள் பேசியிருப்பார்களோ என அறிஞர்கள் ஆராயத் தொடங்கினர். நம் தோட்டங்களில் காணும் மரங்கொத்திக்கோ இவ்வெலும்பின் கொம்புகள் மிக நீண்டு, மண்டையோட்டின் பின்புறத்தைச் சுற்றி மேலேறியிருக்கும். அதனாலேயே அது நாவை நெடுந்தூரம் நீட்டிப் பூச்சிகளைப் பிடிக்கின்றது.

கொள்ள வேண்டிய கவனம்

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது நம் முன்னோர் மொழி. ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் உண்ணாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு முழு நிலக்கடலையையும் கொட்டையோடு ரம்புத்தான் பழத்தையும் தருதல் ஆகாது. மீன்முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கி அதனைத் தள்ள முயலாமல் மருத்துவரை நாடுக.

தொண்டை அடைத்தவர் இருமினால் இருமவிடுக. இருமவும் பேசவும் இயலாதெனில், 999க்கு அழைக்கச் செய்து, அவரை முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுக. அடைப்பு நீங்காவிடில், ஒரு வயதுக்கு மேற்பட்டோர்க்குப் பின்னாலிருந்து வயிற்றை அணைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துக. அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்க.

பக்கவாதம் கண்ட முதியோர்க்கு நாவடி எலும்பை உயர்த்தும் தசைகள் தளர்வதுண்டு. நீர் அருந்தும்போதே அவர்கள் இருமினால் அதனை எளிதாகக் கருதாமல் மருத்துவரிடம் கூறவேண்டும். நிமிர்ந்து அமரச் செய்து, சிறு சிறு கவளமாக ஊட்டவேண்டும்; படுக்கவைத்து ஊட்டுதல் கூடாது. உணவு நுரையீரலுள் புகுந்தால் உயிருக்கே கேடு விளையும்.

ஆகவே மாணவர்களே, வீட்டில் தாத்தாவும் பாட்டியும் உண்ணும்போது அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் விழுங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதன்பின் கதை கேளுங்கள்.