சியால்டாவில் எந்நேரமும் பள்ளிக்கூடம்

கொல்கத்தா சியால்டா ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது லொரெட்டோ பள்ளி. 1979-ல் அங்கே தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்றவர் அயர்லாந்தில் பிறந்த சிஸ்டர் சிரில் மூனி. 1985-ல் 'ரெயின்போ' என்ற திட்டத்தைத் தொடங்கி, பிளாட்பாரத்துச் சிறுமிகளைப் பள்ளிக்குள் அழைத்தார்.

விடிந்ததும் குப்பை பொறுக்கக் கிளம்புகிற பிள்ளையைக் காலை மணி அடித்ததும் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னால் நடக்குமா? அதனால் அவர்களுக்கு நேரக் கட்டுப்பாடே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்ததும் பள்ளி மாணவி ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். பீரியட் முடிந்து அவள் வகுப்புக்குப் போனதும் அடுத்தவள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருந்த வேலைக்கல்வி பீரியட்தான் இதற்குக் கைகொடுத்தது. எழுத்துப் பழகிய பிள்ளைகள் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ந்தார்கள். போக இடமில்லாதவர்கள் இரவில் பள்ளியிலேயே தங்கினார்கள்.

தெருவில் திரியும் பிள்ளையாவது கண்ணில் படும். வீட்டு வேலைக்கு விடப்பட்ட பிள்ளை பூட்டிய கதவுக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கும் உணவகங்களுக்கும் அமர்த்தக் கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்குள் ஆய்வாளர் எப்படி நுழைவார்? அங்கேயும் லொரெட்டோ மாணவிகள்தான் போனார்கள். தங்கள் வயதுச் சிறுமிகளைத் தேடிப் பேச்சுக் கொடுத்து, சிநேகமாகி, தினமும் கொஞ்ச நேரமாவது படிக்க அனுப்பும்படி வீட்டுக்காரர்களிடம் கேட்டார்கள். போலீஸ் ரெய்டைவிட இது மெதுவான வழி. ஆனால் மீட்ட பிள்ளை எங்கே போகும் என்ற கேள்விக்கு இதில் பதில் இருந்தது.

மேற்கு வங்க அரசு 2013-ல் கொண்டுவந்த கன்யாஸ்ரீ திட்டமும் இதே திசையில்தான் போகிறது. படிக்கும் பெண்ணுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை. 18 வயதில் திருமணமாகாமல் படிப்பையோ பயிற்சியையோ தொடர்ந்தால் 25,000 ரூபாய். 2017-ல் ஐ.நா. பொதுச்சேவை விருது இதற்குக் கிடைத்தது.

உலகெங்கும் குழந்தைத் தொழிலாளர்கள் 2000-ல் 24.6 கோடி, 2024-ல் 13.8 கோடி. இவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூவர் இருப்பது விவசாயத்தில், பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு. இந்தியாவிலோ 2016 சட்டத் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் தடைசெய்துவிட்டு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று விலக்கும் அளித்திருக்கிறது. பெற்றோருக்கு உதவும் பிள்ளை யார், முதலாளிக்காக உழைக்கும் பிள்ளை யார் என்று எந்த ஆய்வாளரால் பிரித்துச் சொல்ல முடியும்? அந்த விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.