தலையில் இல்லாத தலசீமியா

சென்ற நோன்பு மாதத்தில் சொந்தக்கார ராத்தா ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, மகனுக்குத் தலைச் சீமியாவாம். மாசாமாசம் ரத்தம் ஏத்தணுமாம். தலையில வருத்தமெண்டா ஏன் ரத்தம் ஏத்துற?" என்று கேட்டார். தலைக்கு எண்ணெய் வைத்துப் பார்த்ததில் இரத்தம் ஏற்றும் தவணையொன்று தவறிப் போயிருந்தது. ராத்தாவிலும் பிழையில்லை. 'தல' என்றால் நம் காதுக்குத் தலைதானே!

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'தலஸ்ஸா' என்றால் கடல். 'ஹைமா' என்றால் இரத்தம். 'இயா' நோய்நிலையைக் காட்டும் ஈறு. சேரும்போது ஹைமாவின் 'ஹ' உதிர்கிறது. 'ஐ' இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ஈ' ஆகிறது. அனீமியாவிலும் இதே ஹைமாதான். முன்னால் நிற்கும் 'அன்' இல்லாமையைக் குறிக்கும். ஹீமோகுளோபினிலோ 'ஹ' உதிராமல் நிற்கிறது.

ஆங்கில உச்சரிப்பில் ஐந்து அசைகள்: த-ல-சீ-மி-யா. அழுத்தம் மூன்றாவதான 'சீ'யில். முதல் ஒலி நம் தகரமல்ல. அலிஃப், பா, தா என்று ஓதிவரும்போது நாலாவதாக, நாக்கு நுனியைப் பற்களில் தொட்டுச் சொல்கிறோமே, அந்த எழுத்தின் ஒலி. நாம் முதலசையை ஊன்றுவதால்தான் 'தலை' கேட்கிறது. 'சீ'யை ஊன்றிப் பாருங்கள், தலை மறைந்துவிடும். அந்தச் 'சீ'யில் சகரம் கடலுடையது, ஈகாரம் இரத்தத்துடையது. இரு சொற்களும் பொருந்தும் இடம் அதுதான்.

கடல் ஏன் வந்தது? 1925இல் அமெரிக்காவில் தோமஸ் கூலி இந்நோயை விவரித்தார். அங்கு அப்போது இந்நோயோடு காணப்பட்டவர்கள் பெரும்பாலும் மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். 1932இல் விப்பிளும் பிரட்ஃபோர்டும் இப்பெயரை வைத்தார்கள். தென்னாசியாவிலும், நம் நாட்டிலும் இந்நோய் உண்டு. பெயர்தான் அந்தக் கடலோடு நின்றுவிட்டது.

பெயர் சொல்லாத முக்கியமான விடயம், இது பரம்பரையில் வருவது. உம்மா, வாப்பா இருவரும் காவிகளாக இருந்தால் அவர்களுக்கு ஒரு வருத்தமும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள் முடிக்கும்போது இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. காவியா இல்லையா என்பதை இரத்தப் பரிசோதனையில் அறியலாம்.

ராத்தாவின் மூத்த மகளை மாமி மகனுக்குப் பேசியிருக்கிறார்கள். நான் சொன்னதைக் கேட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப ரெண்டு பேரிட ரத்தத்தையும் பாத்துட்டுத்தான் நிக்காஹ்வுக்கு நாள் வெக்கணும்" என்றார்.