டார்ச் லைட் வாங்கப் போறீங்களா? லூமென் மட்டும் பார்த்தா போதாது!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்படியொரு ராத்திரியில் கரண்ட் போனால், செல்போன் சார்ஜை டார்ச்சுக்கே தீர்த்துவிட முடியாது. மரக்காணம் உப்பளம், எக்கியார்குப்பம் கடற்கரை என விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புபவர்களுக்கோ இது தினசரித் தேவை. பாக்கெட்டில் அடங்கும் டார்ச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வெளிச்சம்: வரப்பில் நடக்க 100 லூமென் தாராளம். பெட்டியில் போட்டிருக்கும் உச்ச அளவு சில நிமிடம்தான். சூடானதும் தானாகக் குறையும். அதனால் எத்தனை மணி நேரம் எரியும்னு பாருங்க.

தண்ணீர்: ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஆனால், இது நன்னீரில் செய்யும் சோதனை. கடல்நீருக்கு உத்தரவாதம் இல்லை.

பேட்டரி: கழற்றி மாற்றும் 18650 செல் இருந்தால், ஸ்பேர் ஒன்றை டப்பாவில் போட்டு வைக்கலாம். டைப்-சி ஓட்டை ஈரமாக இருந்தால் சார்ஜ் போடாதீங்க.

பராமரிப்பு: உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய வையுங்க.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஃபுல் சார்ஜ் போட்டுடுங்க!