ஸ்நான அறைத் தளத்தைச் செப்பனிடுதல்

1965-ஆம் ஆண்டுவரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தருமபுரிப் பகுதிக் கிராமங்களில், கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டிய பழைய வீடுகள் இன்றும் உண்டு. இவற்றில் ஸ்நான அறைத் தளம் கெடுமாயின் நஷ்டம் தளத்தோடு நிற்பதில்லை. கசியும் ஜலம் சுவரடி மண்ணையும் கரைத்துவிடும். பழைய தளத்தின்மீதே கடப்பைக் கல் பாவினால் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். அதனால் குறை மறையுமேயன்றித் தீராது.

முதலில் கரண்டிக் காம்பினால் தளமெங்கும் தட்டிப் பார்த்தல் வேண்டும். பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைக் கெட்டித் தரை காணுமட்டும் வெட்டி அகற்றுக. ஜலம் புகுந்த வழி பெரும்பாலும் சுவரும் தளமும் கூடும் மூலையிலோ, சலதாரை வாயிலோ இருக்கும். அதை அடைக்காமல் மேலே செல்லுவது வீண் செலவு. பின்னர் குழியைச் சில நாள் காற்றாடத் திறந்து விடவேண்டும். கொத்தனார் அவசரப்படுவார், இணங்கலாகாது. சேறாயுள்ள மண் பிற்பாடு அமிழ்ந்து, கல்லையும் உடன் இழுக்கும்.

மண் இறுகியதும் திமிசு போட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்து 3 அங்குலக் கனத்துக்கு இட்டு அடிக்க வேண்டும். சலதாரையை நோக்கிக் கெஜத்துக்கு அரை அங்குலம் வாட்டம் அவசியம். தளம் இறுகும்வரை நனைத்து வருக. கல் பாவுமுன் ஒரு குடம் ஜலம் ஊற்றிப் பார்த்தல் நலம். எங்கேனும் தேங்கினால் அப்போதே திருத்திவிடலாம்.