ஒரே வாசனை, மூணு ரியாக்‌ஷன்: குழாய்த் தண்ணில மண்வாசனை ஏன்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போற பலருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி பழக்கம்தான். நிரம்பினா 3.645 டிஎம்சி. அங்க இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்தோட திறன், ஒரு நாளைக்கு 530 மில்லியன் லிட்டர்.

இந்த மாதிரி ஏரிகள்ல நீலப்பச்சைப் பாசி பெருகினா, குளோரின் போட்ட பிறகும் குழாய்த் தண்ணில மண்வாசனை வரலாம். காரணம், ஜியோஸ்மின் என்ற மூலக்கூறு. முதல் மழையில எழும்புற மண்வாசனையிலும் இதுதான் முக்கிய ஆள். ஒரு லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே பலருக்கும் தெரிஞ்சிடும். அதாவது, 12,000 லிட்டர் தண்ணி லாரியில தூள் உப்போட ரெண்டு துகள் எடை!

மூக்கு இதை எப்படிப் பிடிக்குது? மூக்கோட மேல்பகுதியில இருக்கிற நரம்பு செல்களின் சவ்வுல ரிசெப்டர், அதாவது ஏற்பி என்ற புரதங்கள் இருக்கு. மனுஷங்களுக்குச் சுமார் 400 வகை. பொருத்தமான மூலக்கூறு வந்து ஒட்டினதும் ஏற்பியோட வடிவம் மாறும். செல்லுக்குள்ள ஜி-புரதம் வேலையை ஆரம்பிக்கும், சைக்ளிக் ஏஎம்பி அளவு ஏறும், அயனிக் கதவுகள் திறக்கும், மூளைக்கு மின் சிக்னல் போகும். இந்த ஏற்பிகளோட மரபணுக்களை 1991-ல கண்டுபிடிச்ச லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ரெண்டு பேருக்கும் 2004-ல நோபல் கிடைச்சது.

ஆனா சிக்னல் ஒண்ணா இருந்தாலும், அர்த்தம் ஒண்ணு இல்ல. நம்ம கோட்ல ஒரே ஈவென்ட்டுக்கு வேற வேற ஹேண்ட்லர் எழுதுற மாதிரிதான். பழ ஈக்கு ஜியோஸ்மினுக்குன்னே தனி ஏற்பி இருக்குன்னு 2012-ல தெரிய வந்தது. மோந்ததும் விலகிப் போயிடும், ஏன்னா அதுக்கு அது நச்சுப் பூஞ்சையோட அடையாளம். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு நேர் எதிர்: அதே வாசனையைத் தேடி வந்து முட்டை போடும். அதோட புழுக்களுக்குப் பாசியும் நுண்ணுயிரும்தானே சாப்பாடு!

நமக்கு என்ன பாடம்? இந்த அளவு ஜியோஸ்மின் உடம்புக்குக் கெடுதல் இல்ல. கார்பன் ஃபில்டர் போட்டா வாசனை குறையும். ஆனா தண்ணில இருக்கிற காரீயத்தையோ காலரா கிருமியையோ மோந்து பிடிக்க நம்ம மூக்கால முடியாது. அதனால வாசனை இல்லாத தண்ணியை எல்லாம் சுத்தமான தண்ணின்னு நம்பிடாதீங்க. சந்தேகம்னா கொதிக்க வைங்க, கிருமி சாகும். காரீயம் போகாது, அதுக்கு டெஸ்ட்தான் வழி. டிரம்மை மூடியும் வைங்க. உங்களுக்குத் தெரியாத வாசனை கொசுவுக்குத் தெரியும்.